கேத்தி பள்ளத்தாக்கு: நிலம், வரலாறு, மண் காப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேத்தி எங்கே இருக்கிறது?

நீலகிரியில் உதகைக்கும் குன்னூருக்கும் நடுவில். பெரிய சாலை பள்ளத்தாக்கின் மேல் விளிம்பிலேயே போய்விடும். எல்லநள்ளி பக்கம் இறங்கினால்தான் உள்ளே கேத்தி, அச்சனக்கல், கேத்தி பாலாடா, கொல்லிமலை என்று ஊர்கள் தெரியும். (இந்தக் கொல்லிமலை நாமக்கல் மலை அல்ல. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்று.) பள்ளத்தாக்கின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலை ரயிலிலும் வரலாம். பல்சக்கரப் பாதை குன்னூரோடு முடிந்துவிடும், கேத்தி நிலையம் அதற்கு மேலே. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-லும் உதகை வரையிலான நீட்டிப்பு 1908-லும் திறக்கப்பட்டன.

இங்கே பெய்யும் தண்ணீர் காட்டேரி ஓடை வழியாகக் கடைசியில் பவானிக்குப் போகிறது. கேத்தியில் மண் கரைந்தால் அது கேத்தியோடு நிற்பதில்லை.

‘உலகின் இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு’ என்கிறார்களே, உண்மையா?

இல்லை. காட்சி முனையில் சொல்வார்கள், வலைப்பக்கங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன. கேத்தி சில கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்கு. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு மட்டுமே சுமார் 135 கி.மீ. நீளம். ‘தென்னிந்தியாவின் சுவிட்சர்லாந்து’ என்ற பட்டமும் அதே வகைதான். கேத்தியின் சிறப்பு வேறு. இவ்வளவு செங்குத்தான இடத்தில் இவ்வளவு நெருக்கமாக விவசாயம் நடக்கும் பள்ளத்தாக்கு தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ஆங்கிலேயர் வருவதற்கு முன் இந்த நிலம் எப்படி இருந்தது?

மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை, அடியில் சதுப்பு. மலையின் விவசாயச் சமூகமான படகர்களின் ஹட்டிகளை (ஊர்களை)ச் சுற்றி ராகி, சாமை, பின்னாளில் கோதுமை, பார்லி. ஒரு நிலத்தில் சில ஆண்டு பயிரிட்டுவிட்டுப் பல ஆண்டு சும்மா விடுவார்கள். இரும்புச் சாமானும் மண்பாண்டமும் கோத்தர்களிடமிருந்து வரும். புல்வெளியில் தோதவர்களின் எருமைகள் மேயும். மண் அரிப்பு அப்போதும் இருந்தது. ஆனால் திறந்து கிடந்த நிலம் சிறிது, ஓய்வில் கிடந்த நிலம் பெரிது என்பதால் தாங்கிக்கொண்டது.

பிறகு என்ன மாறியது?

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறிய பிறகு எல்லாமே வேகமாக நடந்தன. 1830 வாக்கில், லஷிங்டன் சென்னை ஆளுநராக இருந்தபோது, கேத்தியில் ஐரோப்பியக் காய்கறிகளுக்கும் பழ மரங்களுக்கும் அரசுப் பரிசோதனைப் பண்ணை ஒன்று தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டாலும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மலையை விட்டுப் போகவில்லை. பண்ணை பங்களாவைப் பின்னர் வாங்கிய காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பை இங்கே அழைத்தார். 1846-ல் மிஷன் கேத்தியில் காலூன்றியது.

நிலத்தைப் பொறுத்தவரை பெரிய திருப்பம், ஓய்வு நிலம் என்ற வழக்கம் அழிந்ததுதான். பட்டா வந்தது, சந்தை வந்தது, ரயில் வந்தது. இப்போது ஒரே நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம். ஏப்ரல், மே நடவு கார் போகம், ஆகஸ்ட், செப்டம்பர் நடவு கடை போகம், ஜனவரி, பிப்ரவரி நடவு நீர் போகம். இவற்றில் மண்ணுக்கு ஆபத்தானது கடை போகம். செப்டம்பரில் விதைத்த கேரட் அக்டோபரில் விரல் நீளம்கூட இருக்காது. இலை நிலத்தை மூடுவதற்கு முன்பே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.

தேயிலை மண்ணைக் காக்கிறதா, கெடுக்கிறதா?

நன்றாக மூடி வளர்ந்த தேயிலை காய்கறியைவிடப் பல மடங்கு நல்லது. வேர் ஆழம், இலைக்கூரை ஆண்டு முழுதும் இருக்கும். நட்ட முதல் மூன்று ஆண்டும், கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) சில மாதங்களும்தான் ஆபத்து. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது செடியைப் பிடுங்கிவிட்டுக் காய்கறிக்குத் திரும்பியவர்கள் உண்டு. அப்படித் திரும்பும்போது பழைய தேயிலை நிலத்தில் படி வெட்டாமல் அப்படியே கேரட் போடுவதுதான் தவறு. தேயிலை நின்ற சரிவு காய்கறிக்கு ஏற்ற சரிவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆண்டுக்கு எவ்வளவு மண் போனால் கவலைப்பட வேண்டும்?

கணக்கு எளிது. ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் போனால் அது 4 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 5 டன். ஒரு மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. படியின் கீழ் ஓரத்தில் மண் மேடு ஏறுவதும், மேல் ஓரத்தில் கல் தலைகாட்டுவதும், மழை முடிந்ததும் ஓடை செம்மண் நிறத்தில் ஓடுவதும் தெரியும். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் நிலம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

2009-ல் என்ன நடந்தது?

நவம்பர் 10-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 820 மி.மீ. மழை பதிவானது. உதகைப் பகுதியில் ஆண்டு முழுதும் பெய்வதே 1,200, 1,300 மி.மீ. அளவில்தான். ஒரு ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஒரே நாளில் 33 லட்சம் லிட்டர். மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அச்சனக்கல்லில் மண்ணோடு வீடுகள் போயின.

மழை மட்டும் காரணமில்லை. இங்கே அடியில் இருப்பது சார்னோகைட் பாறை. அது பல மீட்டர் ஆழத்துக்கு மட்கி, மேலே செம்மண்ணாகவும் கீழே வழுக்கும் களிமண்ணாகவும் ஆகியிருக்கிறது. தண்ணீர் மேல்மண்ணில் வேகமாக இறங்கி, களிமண்ணை அடைந்ததும் தேங்கி, மேலே இருக்கும் மொத்த மண்ணையும் ஊற வைத்துத் தூக்கிவிடுகிறது. அதே நேரம் சரிவின் அடியை வீட்டுக்காகவோ பாதைக்காகவோ வெட்டியிருந்தால் பிடிமானமும் போய்விடும். மூடிப்போன ஓடை, சரிவின் தலையில் கட்டிய கழிவுநீர்க் குழி இரண்டும் இதற்குத் துணை. 1978, 1993 நவம்பர் மாதங்களிலும் மாவட்டத்தில் பெரும் சரிவுகள் நடந்தன.

எனவே கேத்தியில் மண் காப்பு என்பது இரண்டு வேலை. மிதமான சரிவில் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். ஆழமான மண் உள்ள செங்குத்துச் சரிவில் அதைத் தேங்க விடாமல் வெளியேற்ற வேண்டும். இரண்டாவது இடத்தில் முதல் வேலையைச் செய்தால் நாமே சரிவை வரவழைக்கிறோம். சமவெளியில் சொல்லும் ‘மழைநீரை அங்கேயே ஊற விடு’ என்ற அறிவுரையை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது.

படி நிலம் எப்படி அமைப்பது? அகலம் எவ்வளவு வைக்கலாம்?

முதலில் சரிவை அளக்க வேண்டும். 100 அடி கிடைத்தூரத்துக்கு எத்தனை அடி இறக்கம் என்பதுதான் சதவீதம். படியின் உயரம் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். நேர்க்குத்தான கல் கட்டு வைத்து ஒரு மீட்டர் உயரப் படி வெட்டினால், 25 சதவீதச் சரிவில் 4 மீட்டர் அகலம் கிடைக்கும், 33 சதவீதத்தில் 3 மீட்டர், 50 சதவீதத்தில் 2 மீட்டர். கல் இல்லாமல் மண்ணையே 45 டிகிரி சாய்த்து விட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் குறையும். அதாவது 50 சதவீதச் சரிவில் பாதி நிலம் சாய்வுக்கே போய்விடும். அந்த இடத்தில் காய்கறி வேண்டாம், தேயிலையோ புல்லோ வைத்துவிடலாம்.

இனி வேலை. எல்லோரும் கடைசிக்குத் தள்ளிவைக்கும் வடிகாலைத்தான் முதலில் செய்ய வேண்டும். எல்லாப் படிகளின் தண்ணீரும் வந்து சேர்ந்து இறங்க ஒரு பாதை வேண்டும். இயற்கையாக இருக்கும் மடிப்பையே எடுத்துக்கொண்டு, கல் பதித்து, இடையிடையே சிறு கல் தடுப்பு வைத்து, ஓரங்களில் புல் பிடிக்க விட வேண்டும். முடிந்தால் ஒரு மழைக்காலம் முன்பே.

மட்டம் பார்க்க, கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். படி நீளவாக்கில் முழு மட்டமாக இருக்கக் கூடாது, வடிகால் பக்கம் 120-க்கு 1 என்ற அளவில் இறங்க வேண்டும். அதாவது 6 மீட்டர் தள்ளி வைக்கும் அடுத்த முளைக்குச்சி 5 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும். படியின் நீளம் 100 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

வெட்டத் தொடங்குவது கீழ்ப்படியிலிருந்து. மேல் 15, 20 செ.மீ. மண்ணை வழித்து ஒதுக்கிவிட்டு அடிமண்ணை வெட்டிச் சமன் செய்ய வேண்டும். அடுத்த மேல்படியில் வழிக்கும் மேல்மண்ணைக் கீழ்ப்படியில் பரப்ப வேண்டும். இப்படி ஏறிப்போனால் எந்தப் படியும் மொட்டையாகாது. ஜேசிபி வைத்து ஒரே நாளில் மேலிருந்து தள்ளினால் நல்ல மண் அடியில் புதைந்து, மஞ்சள் அடிமண் மேலே வந்து நிற்கும். அதைத் திருத்த மூன்று நான்கு ஆண்டு எருவும் சுண்ணாம்பும் போட வேண்டும்.

உயரத்தில் பாதி அளவுக்கு உள்பக்கம் வெட்டு விழும். ஒரு மீட்டர் படிக்கு அரை மீட்டர். அதற்குக் கீழேயும் வேர் ஓட மண் இருக்கிறதா என்று முன்பே ஒரு குழி தோண்டிப் பாருங்கள்.

படி உள்பக்கம், அதாவது மலைப்பக்கம் சாய வேண்டும். 40-க்கு 1, அதாவது 4 மீட்டர் அகலத்துக்கு 10 செ.மீ. உள்ளோரத்தில் ஒரு அடி அகலம், அரை அடி ஆழத்தில் வாய்க்கால். வெளியோரத்தில் ஒரு சாண் உயர வரப்பு. வெளிப்பக்கம் சாய்ந்த படியில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி விழுந்து ஒரே மழையில் கல் கட்டைக் குடைந்துவிடும்.

புதிதாக நிரப்பிய வெளிப்பகுதி முதல் மழையில் இறங்கும். அதனால் அதைக் கொஞ்சம் உயர்த்தியே விட்டு, அடுத்த ஆண்டு மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட படிகள்தான் நடுவில் குளம் கட்டி உடைகின்றன. முதல் போகத்துக்கு லூபின் என்ற பசுந்தாள் பயிரைப் போட்டு மடக்கி உழுதால் நல்லது. அடிமண் புளிப்பு மண், மண் பரிசோதனை செய்து அதன்படி டோலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் பொடி) இட வேண்டும். புளிப்பை விட்டுவைத்தால் முட்டைக்கோசில் வேர் முடிச்சு நோய் வரும்.

பாத்தியை மேலும் கீழுமாகப் போடுவது ஏன்? மாற்றவே முடியாதா?

சோம்பேறித்தனம் என்று அதிகாரிகள் சொல்வது அநியாயம். தண்ணீர் தேங்கினால் உருளை அழுகும், கேரட் பிளக்கும். அதனால் சரிவோடு வாய்க்கால் விட்டால் நீர் உடனே இறங்கும், குனிந்து வேலை செய்யவும் வசதி. இழப்பு மெதுவாகத்தான் தெரியும். நடுவழி ஒன்று இருக்கிறது. பாத்தியைக் குறுக்கே போட்டு, முழு மட்டமாக இல்லாமல் 100-க்கு 1 அளவில் வடிகால் பக்கம் சாய்த்தால் நீரும் தேங்காது, மண்ணும் ஓடாது. இது படி நிலத்தில் நன்றாக வேலை செய்யும். படி இல்லாத செங்குத்தில் குறுக்குப் பாத்தி கனமழையில் ஒன்று உடைந்தால் கீழே உள்ளவை வரிசையாக உடையும், அங்கே இதை முயல வேண்டாம்.

கல் கட்டா, சிமெண்ட் சுவரா?

வயலுக்குக் கல் கட்டுதான். சிமெண்ட் இல்லாமல் அடுக்கிய கல் இடுக்கு வழியே தண்ணீரை விட்டுவிடும், கொஞ்சம் அசைந்தாலும் நிற்கும். அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும், அடிக்கல் கெட்டி மண்ணில் ஒரு அடி இறங்க வேண்டும், முகம் மலைப்பக்கம் சாய வேண்டும். உள்ளே வரை நீளும் நெடுங்கல்லை ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றாவது வைக்க வேண்டும். முகத்தில் மட்டும் அழகாகக் கல் அடுக்கி உள்ளே மண்ணை நிரப்பிய கட்டு இரண்டு மழை தாங்காது.

வீட்டுக்குப் பின்னால் கான்கிரீட் தடுப்புச் சுவர் தேவைப்படலாம். அது விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் மண்ணின் எடை அல்ல, பின்னால் தேங்கிய தண்ணீரின் அழுத்தம். 3 அங்குலக் குழாய்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வெளிப்பக்கம் சாய்த்துப் பதித்து, பின்னால் ஒரு அடிக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். வெட்டிய களிமண்ணையே திருப்பிக் கொட்டினால் குழாய் இருந்தும் பயனில்லை. பூச்சு வேலையில் மேஸ்திரி குழாய் வாயை அடைத்துவிடுவதும் நடக்கிறது. மழையன்று சுவரைப் பாருங்கள். குழாயில் சொட்டுகூட வரவில்லை என்றால் நல்ல செய்தி அல்ல.

தேயிலைத் தோட்டத்தில் குழி வெட்டுவது சரியா?

மிதமான சரிவில் சரி. ஆறடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வரிசைகளுக்கு நடுவே, ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்று வராமல் மாற்றி மாற்றி வெட்ட வேண்டும். ஒரு குழி சுமார் 250 லிட்டர் பிடிக்கும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் போட வேண்டும், அக்டோபருக்கு முன் வண்டலை அள்ளிவிட வேண்டும். வீடுகளுக்கு மேலே உள்ள செங்குத்துச் சரிவிலும், பழைய விரிசல் உள்ள இடத்திலும் குழியே வேண்டாம். அங்கே மேல்விளிம்பில் குறுக்கு வடிகால் வெட்டித் தண்ணீரை ஓடைக்குத் திருப்ப வேண்டும்.

கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம் (வாட்டில்) வைத்தால் மண் பிடிக்காதா?

மண் ஓரளவு பிடிக்கும், தண்ணீர் குறையும். கற்பூர மரம் 1840-களில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. கிளென்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை அளந்து, ஒன்றைப் புல்வெளியாக விட்டு மற்றதில் கற்பூர மரம் வளர்த்துப் பார்த்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடை நீர் 16 சதவீதம் குறைந்தது. சீகை சும்மா விட்ட நிலத்தை விதையாலேயே பிடித்துவிடும். ஊற்றுக்கு மேலே இவ்விரண்டும் வேண்டாம். சோலை மரங்கள் மெதுவாக வளரும், ஆனால் ஓடைக்கரைக்கு அவைதான் பொருந்தும்.

அடிப்பகுதியில் உள்ள சதுப்பைக் காய்கறி நிலமாக்கலாமா?

பல இடங்களில் ஏற்கெனவே ஆக்கியாகிவிட்டது. கோடையில் ஓடையில் நீர் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கே இருக்கிறது. சதுப்பு நீரைப் பிடித்து மெல்ல விடும். வாய்க்கால் வெட்டி வடித்தால் அது மழையன்றே போய்விடும். மிச்சம் இருப்பதையாவது புல்லோடு விட்டு வைப்பது கீழ்நிலக்காரருக்குச் செய்யும் உதவி.

கேரட் கழுவும் இயந்திரங்களும் இங்கேதான் சிக்கலாகின்றன. கழுவிய நீரை நேராக ஓடையில் விட்டால் ஒவ்வொரு மூட்டையிலும் ஒட்டிய வயல் மண்ணும் மருந்தும் சேர்ந்தே போகின்றன. குறைந்தது இரண்டு தொட்டிகள் வேண்டும், முதலாவதில் மண் படிய விட்டு இரண்டாவதிலிருந்து நீரை எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். படிந்த மண்ணைத் திரும்ப வயலுக்கு எடுத்துப் போகலாம், ஆனால் அது யார் வயல் மண் என்பது முக்கியம். உருளையைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும், மண்ணோடும் விதைக்கிழங்கோடும் பரவும். பல வயல் மண் கலந்த வண்டலை உருளை நிலத்தில் போட வேண்டாம். குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புத் திறன் உள்ள ரகமும், இடையில் பூண்டு, கேரட், முட்டைக்கோஸ் சுழற்சியும் புழுவைக் குறைக்கும்.

உறைபனி ஏன் அடியில்தான் அதிகம்?

குளிர்காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கி அடியில் தேங்கும். அதனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேட்டுத் தேயிலை தப்பும், பள்ளத்துத் தேயிலை கருகும். விடியுமுன் ஸ்பிரிங்ளர் ஓட விட்டால் சேதம் குறையும். கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலி வைத்தால் காற்று வடிய வழியின்றிப் பனி கூடும்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

சொந்த நிலத்து மரமானாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவு செய்யும். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமானால் 1949-ஆம் ஆண்டுச் சட்டமும் சேரும். மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் அமைந்தது. கட்டடம் கட்டுவதானாலும் மனைப்பிரிவு செய்வதானாலும் உங்கள் கிராமத்துக்கு அதன் ஒப்புதல் எந்த அளவில் தேவை என்று முதலில் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஜேசிபி போன்ற மண் அள்ளும் இயந்திரத்துக்கு முன் அனுமதி தேவை, ஆழ்துளைக் கிணற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. நிலம் வாங்குபவர்கள் பட்டா, வில்லங்கம் பார்ப்பதோடு வருவாய்ப் பதிவில் ஓடைப் புறம்போக்கு எங்கே ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். இன்று காய்ந்த பள்ளமாகத் தெரிவது நவம்பரில் ஓடையாகிவிடும்.

நிலத்தில் விரிசல் கண்டால் உடனே என்ன செய்வது?

வளைந்த பிறை வடிவ விரிசல், சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பிய கலங்கிய ஊற்று, திடீரென்று மூட மறுக்கும் கதவு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மழை நேரமானால் வீட்டை விட்டு வெளியேறுங்கள். வெளியேறும் வழி சரிவின் பக்கவாட்டில் இருக்கட்டும், கீழ்நோக்கி ஓட வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

மழை விட்டு, அதிகாரிகள் பார்த்துச் சொன்ன பிறகு விரிசலைக் களிமண்ணால் இறுக்கி அடைத்து மேலே தார்ப்பாய் போட வேண்டும். விரிசலுக்கு மேலிருந்து வரும் நீரைக் குறுக்கு வடிகாலில் திருப்ப வேண்டும். விரிசலின் இருபுறமும் முளை அடித்து இடைவெளியைத் தினமும் அளந்து தேதியோடு குறித்துவைக்க வேண்டும். சிமெண்ட் ஊற்றி அடைப்பது, மேலே மண் கொட்டி நிரப்புவது இரண்டும் கூடாது. முதலாவது விரிசல் நகர்வதை மறைத்துவிடும், இரண்டாவது சரியப்போகும் மண்ணுக்கு இன்னும் எடை ஏற்றும்.